மூளைக் கட்டிக்குப் பின் வரும் மனச்சோர்வு: இயல்பான வருத்தம் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்தபோது மூளையின் வலது முன்பக்கத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ‘க்ளியோமா, கிரேடு 2’ என்று இருக்கிறது. பிறகு ஆறு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்து நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன் மறுபடியும் வலிப்பு வந்ததால் லெவெடிராசெட்டம் மாத்திரையை 500-லிருந்து 1000 ஆக்கினார்கள். இப்போது யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். இடது கை விரல்கள் முன்போல் வேலை செய்யாததால் இன்னும் மருத்துவ விடுப்பில்தான் இருக்கிறார். போன வாரம், “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்றார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மாமனார் இறந்தபோது சில மாதம் இப்படித்தான் இருந்து, மாத்திரை சாப்பிட்டுச் சரியானார். இது புற்றுநோய் வகை என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நோய் வந்தால் வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்கிறார்கள் உறவினர்கள். இதே கட்டி வந்து கூடவே கரண்ட் வைத்துக்கொண்ட இன்னொருவர் தெளிவாக இருக்கிறார்; இவருக்கு மட்டும் ஏன் இப்படி? கட்டி இருந்த இடம் காரணமா? மனநல மாத்திரை கொடுத்தால் வலிப்பு கூடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குள் போகும் முன், உங்கள் கணவர் சென்ற வாரம் சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும். “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்று ஒருவர் சொல்லும்போது, “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று வாயை அடைத்துவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அதற்கு மாறாக, அவர் தனியாக இருக்கும் ஒரு நேரத்தில் அருகில் உட்கார்ந்து, “சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்தீர்களா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஆள் இருப்பதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. ‘ஆம்’ என்ற பதில் வந்தாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைகள் மொத்தமும் இனி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள். இரவில் பயம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பதில் ‘இல்லை’ என்றாலும் அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் அவரைப் பார்த்துவிட வேண்டும்.

உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மூளைக் கட்டி என்று தெரிந்தபின் வருத்தம், பயம், கோபம், தூக்கமின்மை ஆகியவற்றில் ஒன்றும் வராதவர்களே அரிது. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களில் தங்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதாகச் சொன்ன க்ளியோமா (மூளையில் நரம்பு செல்களைத் தாங்கும் செல்களிலிருந்து உருவாகும் கட்டி) நோயாளிகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல்; அதே நோயாளிகளில் மருத்துவர்கள் மனச்சோர்வு என்று குறித்துக்கொண்டது நூற்றுக்குப் பதினைந்து பேரை மட்டுமே. இந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் காரணம் உண்டு. அறிகுறி இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது என்பது ஒன்று. நோயாகவே ஆகிவிட்ட நிலையையும் மருத்துவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பது மற்றொன்று. நோயாளியிடம் விரிவாகப் பேசி, முறையான வரையறையின்படி கணித்த ஆய்வுகளில், க்ளியோமா உள்ளவர்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவரிடம் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு காணப்படுகிறது. ஏழில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கை இல்லை. ஆனால், மற்ற ஆறு பேரும் இதே நோயோடு இருந்தும் அந்த நிலைக்குப் போகவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. ஆகவே ‘இவ்வளவு பெரிய நோய் வந்தால் இப்படித்தான்’ என்ற விளக்கம் போதாது. அது ஆறுதலுக்காகச் சொல்லப்படுகிறது. விளைவில் சிகிச்சையைத் தள்ளிப்போடச் செய்கிறது.

கூடவே சிகிச்சை எடுத்த அந்த நபர் தெளிவாக இருக்கும்போது உங்கள் கணவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு, உங்கள் கடிதத்திலேயே இரண்டு விடைகள் இருக்கின்றன. நீங்கள் போகிற போக்கில் சொன்ன பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சில மாதங்கள் முதல் விடை. முன்பு ஒருமுறை மனச்சோர்வு வந்து மருந்து எடுக்க நேர்ந்தவருக்கு, பெரிய நெருக்கடி வரும்போது அது திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மூளைக் கட்டி நோயாளிகளிடமும் இது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. இரண்டாவது விடை, இடது கை விரல்கள். ஸ்காட்லாந்தில் க்ளியோமா கண்டறியப்பட்ட 155 பேரை முதல் எட்டு மாதங்கள் பின்தொடர்ந்த ஆய்வில், மனச்சோர்வோடு உறுதியாகத் தொடர்பு கொண்டிருந்தவை இந்த இரண்டும்தான்: முன்பு மனச்சோர்வு வந்த வரலாறு, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைந்துபோதல். கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட, அந்தக் கட்டி ஒருவரின் கையிலிருந்து எதைப் பறித்துக்கொண்டது என்பதே அவர் மனநிலையை அதிகம் தீர்மானிக்கிறது. ஒரு காசாளருக்கு நோட்டு எண்ணும் விரல்கள் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, வலிப்பு வந்ததால் வண்டி ஓட்டுவதும் நின்றிருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் கடைக்குப் போய் வருவதும்கூட இன்னொருவர் தயவில் நடக்கும். அடுத்த வலிப்பு எப்போது வருமோ என்ற பயமும் சேர்ந்து, ஆளை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. ‘பிரயோஜனம்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. செயல்திறன் குறைந்ததால் மனம் தளர்ந்ததா, மனம் தளர்ந்ததால் செயல்திறன் குறைந்ததா என்பதை இத்தகைய ஆய்வுகளால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்று எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு உதவும். அப்படி எடுத்துக்கொண்டால், கை விரல்களுக்கான பிசியோதெரபியும், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும் மனச்சோர்வுச் சிகிச்சையின் பகுதிகளாகிவிடுகின்றன. ‘மனசு சரியானதும் பயிற்சிக்குப் போகலாம்’ என்று அதை நிறுத்தி வைத்திருந்தால், மறுபடியும் தொடங்குங்கள்.

கட்டி இருந்த இடம் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதில் சொல்லத் தயங்குவதும் இதற்குத்தான். முன்மூளையில் கட்டி இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில அப்படி எதையும் காணவில்லை. இடப்பக்கமா வலப்பக்கமா என்பதிலும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. வயது, ஆணா பெண்ணா, கட்டியின் கிரேடு ஆகியவற்றைப் பற்றியும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆனால் முன்மூளையின் பாதிப்பு, மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும் வேறொன்றை உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லை. அதை முனைப்பின்மை என்று சொல்லலாம். எதையும் தானாகத் தொடங்கத் தோன்றாது. குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் நாள் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இருக்காது. குடும்பத்தினர் இதைச் சோம்பல் என்றோ வீம்பு என்றோ எண்ணிக் கோபப்படுவார்கள். மனச்சோர்வில் இருப்பவரோ உள்ளுக்குள் வேதனைப்படுகிறார்; குற்ற உணர்வு, நம்பிக்கையின்மை, தான் பிறருக்குச் சுமை என்ற எண்ணம் இவையெல்லாம் அவரை அரிக்கின்றன. இந்த வேறுபாடு முக்கியம். ஏனென்றால் மனச்சோர்வு மாத்திரைகள் முனைப்பின்மைக்குப் பெரிதாக உதவுவதில்லை, சிலருக்கு அதைக் கூட்டியும் விடுகின்றன. உங்கள் கணவர் விடியலுக்கு முன் விழிப்பதையும், சாப்பாட்டில் நாட்டமில்லாமல் இருப்பதையும், அவர் சொன்ன அந்த வாக்கியத்தையும் வைத்துப் பார்த்தால் மனச்சோர்வின் பக்கமே என் ஐயம் சாய்கிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நேரில் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் ஓர் உதவி செய்யலாம்: அவருக்கு மிகவும் பிடித்த ஒருவர் வீட்டுக்கு வந்தால் முகம் மாறுகிறதா, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்த பிறகு வருந்துகிறாரா, தனியாக இருக்கும்போது கண்கலங்குகிறாரா என்பதைச் சில நாட்கள் கவனித்துச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய செய்திக்கு வருகிறேன். லெவெடிராசெட்டம் அளவை இரட்டிப்பாக்கி இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். எரிந்து விழுவது எப்போது தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பாருங்கள். இந்த மருந்து மூளைக் கட்டி நோயாளிகளுக்கு மிகப் பரவலாகக் கொடுக்கப்படுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன: வலிப்பை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது, கல்லீரலைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை, கீமோ மருந்துகளோடு மோதுவதில்லை. ஆனால் சிலருக்கு இது எரிச்சல், கோபம், மனத்தளர்ச்சி ஆகியவற்றை உண்டாக்குகிறது. முன்பே மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். வலிப்பு மருந்துகள் பலவற்றையும் சேர்த்து ஆராய்ந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அவற்றை எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்ததாகக் கண்டு, 2008-இல் எச்சரிக்கை வெளியிட்டது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் உங்கள் கணவரைப் போல ஏற்கெனவே வேறு காரணங்களும் உள்ளவரிடம் அதைப் புறக்கணிக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பியல் மருத்துவரிடம் நாட்காட்டியோடு போய், “அளவைக் கூட்டிய பிறகுதான் இந்த மாற்றம் வந்தது என்று நினைக்கிறோம், மாற்று மருந்து பற்றி யோசிக்கலாமா?” என்று கேளுங்கள். மாற்ற வேண்டுமென்று அவர் முடிவு செய்தால், வேறு மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே இதைக் குறைப்பார். லாமோட்ரிஜின் போன்ற மருந்தைத் தேர்ந்தெடுத்தால் சரியான அளவை எட்டவே பல வாரங்கள் பிடிக்கும், தோலில் தடிப்பு வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வைட்டமின் பி6 கொடுத்தால் எரிச்சல் குறையும் என்று யாராவது சொல்லக்கூடும். சில மருத்துவர்கள் கொடுப்பதும் உண்டு. அதற்கான சான்று மெலிதானது; நீங்களாகவே அதிக அளவில் வாங்கிக் கொடுத்தால் கை கால் நரம்புகள் கெட வாய்ப்பிருக்கிறது.

ஸ்டீராய்டு நிறுத்தி ஐந்து மாதம் ஆவதால், இன்றைய நிலைக்கு அதை முதற்காரணமாக நான் கருதவில்லை. மூளைக் கட்டி நோயாளிகளுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை எடுக்கும் நாட்களில் தூக்கமின்மையும் பரபரப்பும், குறைக்கும் நாட்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் வருவது பொதுவாகக் காணப்படுவது. அதன் அளவும் லேசானதாக நினைக்க வேண்டாம். 4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் ஏறத்தாழ 25 மில்லிகிராமுக்குச் சமம். நீண்ட நாள் எடுத்திருந்தால் உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு முழுமையாகத் திரும்பாமல் இருக்கலாம். ஆகையால் காலை நேரக் கார்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு) அளவைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அதோடு தைராய்டு, ரத்தத்தில் சோடியம், ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடட்டும். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்குப் மூளையின் அடியில் இருந்து மற்றச் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் வேலை குறைந்து, தைராய்டும் பாலியல் ஹார்மோனும் தாழ்ந்துபோவது பெரும்பாலும் ஆண்டுகள் கழித்தே தெரியும். எனவே இப்போது எல்லாம் சரியாக இருந்தாலும், பின்னாளில் மறுபடி சோர்வு வந்தால் இந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கரண்ட் வைத்த பின் வரும் களைப்பு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. கட்டி மறுபடி வளர்வதாலோ வீக்கத்தாலோ மனநிலை மாறுவதும் நடக்கக்கூடியதே. புதிதாகத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், கை மேலும் பலவீனமாதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்கேனை முன்கூட்டியே எடுக்கச் சொல்வார்கள்.

மனநல மாத்திரை கொடுத்தால் வலிப்பு கூடுமா என்ற உங்கள் பயத்தைப் பல மருத்துவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனாலேயே பல நோயாளிகள் சிகிச்சையின்றி விடப்படுகிறார்கள். பயம் எல்லா மருந்துகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. புப்ரோபியான், குளோமிப்ரமின் போன்றவை வலிப்பு வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. உங்கள் கணவரைப் போன்றவருக்கு அவற்றைத் தவிர்ப்போம். செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவற்றின் நிலை வேறு. மனச்சோர்வு மருந்துகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பரிசோதனைகளில் கலந்துகொண்ட 75,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றாக ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டபோது, இத்தகைய மருந்துகளை எடுத்தவர்களிடம் வலிப்பு கூடவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அவர்கள் மூளைக் கட்டி நோயாளிகள் அல்லர் என்பதால் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் உங்கள் பயத்தை ஓரளவு தணிக்க இது போதும். மூளைக் கட்டி நோயாளிகளுக்கு மனச்சோர்வு மாத்திரைகள் எந்த அளவு பலன் தருகின்றன என்று தேடிய காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு, 2010-இல் முதலில் வெளியானபோது, தரமான ஒப்பீட்டுப் பரிசோதனை ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. எனவே மற்ற நோயாளிகளிடம் கற்றதை வைத்து, குறைந்த அளவில் தொடங்கி, நெருக்கமாகக் கண்காணித்து நடத்துகிறோம். முதல் சில வாரங்களில் சோடியம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். இரண்டாம் வாரமே ‘ஒன்றும் மாற்றமில்லை’ என்று நிறுத்திவிட வேண்டாம். முன்பு அவருக்கு எந்த மாத்திரை பலன் தந்தது என்ற பழைய சீட்டு கிடைத்தால் தேடி எடுங்கள். அது பல நாள் யோசனையை மிச்சப்படுத்தும். பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்து நடந்தால் நல்லது. நினைவும் கவனமும் சற்று மந்தமாக இருப்பவருக்குக் குறுகிய அமர்வுகளே ஏற்றவை.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயின் தன்மையை அவரிடம் மறைத்திருக்கிறீர்கள். அன்பினால்தான் மறைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன. ஆனால் ஆறு வாரம் கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு, அங்கே வந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்று தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தும் தெரியாதவர்போல அவரும், தெரியாது என்று நம்பி நீங்களும் ஒரே வீட்டில் நடமாடும்போது, அவருக்குப் பேச ஆளே இல்லாமல் போகிறது. அவர் கற்பனை செய்து வைத்திருப்பது உண்மையைவிட மோசமாகவும் இருக்கலாம். கிரேடு 2 க்ளியோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது. சிகிச்சைக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் அது வேகம் எடுக்கக்கூடும் என்பதும் உண்மை; அதற்காகத்தான் தொடர் ஸ்கேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடச் சொல்லவில்லை. “உங்கள் நோயைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? டாக்டரிடம் எதையாவது கேட்க வேண்டுமா?” என்று அவரிடமே தொடங்கலாம். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவை, மருத்துவர் முன்னிலையில் தெரிந்துகொள்ளட்டும். மனச்சோர்வு கடுமையாக இருக்கும் இந்த நாட்களில் இதை அவசரப்படுத்தாமல், மனநல மருத்துவரோடு கலந்து நேரத்தை முடிவு செய்யுங்கள்.

வீட்டில் அவருக்கென்று சில பொறுப்புகளைத் திருப்பிக் கொடுங்கள். வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதுவது, பிள்ளைகளின் கணக்குப் பாடம் பார்ப்பது என அவர் கை அறிந்த வேலைகளாக இருக்கட்டும். தவறு நேர்ந்தால் உடனே வாங்கித் திருத்தாதீர்கள். அலுவலகத்தில் நோட்டு எண்ணும் வேலைக்குப் பதிலாக வேறு மேசைப் பணி கிடைக்குமா என்று விசாரித்து வைப்பதும் நல்லது. பிள்ளைகளிடம், அப்பாவின் கோபம் நோயாலும் மருந்தாலும் வருவது, அவர்கள் செய்த எதனாலும் வருவதில்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடிதம் முழுவதிலும் நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இத்தகைய நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் மனச்சோர்வு வருகிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றி அவர் கேட்டால், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள்.

போகும்போது ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சை ரிப்போர்ட், இப்போது எடுக்கும் மாத்திரைகள் அனைத்தும், அளவு மாற்றிய தேதிகளும் எரிச்சல் தொடங்கிய தேதியும் குறித்த தாள், பழைய மனநல சிகிச்சைச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஒருவர் மருந்தை மாற்றியது மற்றவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது.